எந்தக் கூடு மாட்டினாலும் வேண்டாங்குது, கடைசில தீனிக் கிண்ணத்துல முட்டை போட்டிருக்கு!

#1 · கீச்கீச்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போய்ட்டிருந்தேன், இன்னைக்கு வேற வழியில்லாம எழுதுறேன். எங்கிட்ட ஒரு ஜோடி ஜீப்ரா பின்ச் குருவிங்க இருக்கு. வந்து அஞ்சு மாசம் ஆச்சு. கூண்டு 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். ரெண்டும் எப்பவும் ஒட்டித்தான் உட்காரும், மாத்தி மாத்தி இறகு கோதிவிடும், அதுல ஒரு குறையும் இல்லை. கூடுதான் பிரச்சினை.

முதல்ல பிரம்புல பின்னின உருண்டைக் கூடு மாட்டினேன். முன்னாடி வச்சிருந்த பறவைங்க உபயோகிச்சது, தூசி தட்டி அப்படியே மாட்டிட்டேன். ஆண் உள்ள போய் ஒரு மாதிரி முனகிக் கூப்பிடும். பெண் வாசல் வரைக்கும் வரும், தலையை உள்ள விட்டுப் பார்க்கும், விருட்டுனு பறந்துடும். சரி, பிடிக்கலை போலன்னு மரப்பெட்டிக்கு மாத்தினேன், முன்பக்கம் பாதி திறந்தது. மூணு நாள் ரெண்டும் உள்ள போச்சு வந்துச்சு, நார்கூடக் கொண்டு போச்சு. நாலாம் நாள் கைவிட்டுடுச்சு. அப்புறம் சின்ன மண்பானை. அந்தப் பக்கமே திரும்பலை.

இன்னைக்குக் காலைல தீனி மாத்தப் போனா, கிண்ணத்துல தினைக்கு நடுவுல ஒரு முட்டை. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை வெளேர்னு. சந்தோஷப்படுறதா அழுவுறதான்னு தெரியலை. இந்த மகாராணிக்கு எப்படிப்பட்ட கூடுதான் வேணும்?

#2 · வண்ணச்சிறகு

பிரதர், ரொம்ப யோசிக்காதீங்க. கூட்டுக்குள்ள மெத்து மெத்துனு பஞ்சு வைங்க, ரெண்டு பழைய துணில இருந்து நூல் பிரிச்சுப் போடுங்க. தானா வந்து உட்காரும். வெறும் பெட்டியில எந்தப் பறவைதான் போகும்?

#3 · பழைய கூண்டு

தம்பி வண்ணச்சிறகு, கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இதை யாராவது படித்துவிட்டுச் செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் எழுதுகிறேன். பஞ்சும் நூலும் கூடவே கூடாது.

நானும் ஆரம்பத்தில் பஞ்சு வைத்தவன்தான். ஒரு குஞ்சு மட்டும் கூட்டைவிட்டு வராமலே இருந்தது. மற்றவை பறந்து நான்கு நாள் ஆகிவிட்டன. கையில் எடுத்துப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றி ஒரே ஒரு இழை. கண்ணுக்கே தெரியவில்லை, வெளிச்சத்தில் திருப்பும்போதுதான் மின்னியது. குஞ்சு வளர வளர இழை இறுகி, அதற்குக் கீழே விரல்கள் கறுத்துப் போயிருந்தன. நகம் வெட்டும் கத்தரியால் இழையை எடுத்தேன், காலைக் காப்பாற்ற முடியவில்லை. ஒற்றைக் காலோடு ஆறு வருடம் வாழ்ந்தது. தலைமுடி, நைலான், சாக்கு நூல், எதுவானாலும் இதே கதைதான்.

காய்ந்த மெல்லிய புல், அல்லது நன்றாக உதறிய தேங்காய் நார். 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். உள்ளே விரிக்கக் கொஞ்சம் சுத்தமான இறகு. இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

#4 · நார்க்குவியல்

கீச்கீச், கூட்டைப் பத்திச் சொன்னீங்க, அது எங்க தொங்குதுன்னு சொல்லவே இல்லையே. நாலு கேள்வி கேக்குறேன், பொறுமையாப் பதில் சொல்லுங்க.

மூணு கூட்டையும் ஒரே இடத்துலதான் மாட்டினீங்களா? அது மேல் குச்சிக்கு மேலயா கீழயா? கூட்டு வாசலுக்கு நேரா என்ன இருக்கு? அந்தத் தீனிக் கிண்ணம் எங்க இருக்கு?

#5 · கீச்கீச்

@பழைய கூண்டு ஐயா, படிச்சதும் கூண்டுல இருந்த நூல் எல்லாத்தையும் எடுத்துட்டேன். நன்றி.

@நார்க்குவியல் அக்கா, மூணும் ஒரே இடம்தான். கதவுக்குப் பக்கத்துல, முன்கம்பியில. கையை விட்டு எட்டிப் பார்க்க வசதியா இருக்கும்னு. மேல் குச்சிக்கு ஒரு சாண் கீழ. வாசலுக்கு நேரா ஊஞ்சல். தீனிக் கிண்ணம் பின்பக்க மூலையில, உயரத்துல கிளிப் போட்டு மாட்டினது. பின்னாடி சுவர், பக்கத்துல பிளாஸ்டிக் செடி வேற வச்சிருக்கேன், அழகுக்கு.

#6 · நார்க்குவியல்

அவ்ளோதான். கிண்ணத்தை நீங்க மூலையில, உச்சியில, சுவருக்கு ஒட்டி, இலை மறைவுல மாட்டியிருக்கீங்க. கூட்டைத் திறந்த இடத்துல, தாழ்வா, கதவு பக்கத்துல, எதிர்ல ஆடுற ஊஞ்சலோட மாட்டியிருக்கீங்க. அவ ஒண்ணும் கிறுக்கி இல்லை, இருக்கிறதுல நல்ல இடமாப் பார்த்துத்தான் முட்டை வச்சிருக்கா 😄

ராத்திரி எங்க தூங்குதுன்னு பாருங்க. பின்ச் எந்த உயரத்துல தூங்குதோ அந்த உயரத்துக்குக் கீழ கூடு இருந்தா பெரும்பாலும் வேண்டாம்னுடும். கூட்டு வாசல் கூண்டோட நடுப்பகுதியைப் பார்க்கணும், ஆனா மூணு பக்கம் மூடியிருக்கணும். வாசல் முன்னாடி ஒரு சின்னக் குச்சி, வந்து நின்னு நோட்டம் விட்டுட்டு உள்ள போக. வெயில் நேரா அடிக்கக்கூடாது, மின்விசிறிக் காத்து நேரா வரக்கூடாது. நீங்க எட்டிப் பார்க்கிற வசதிக்கும் அதுங்க வசதிக்கும் ஒத்துவராது.

கிண்ணத்தைக் கீழ இறக்கிடுங்க. அதே மூலையில மரப்பெட்டியை மாட்டுங்க. 13 செ.மீ. சதுரம் இருந்தா ஜீப்ராவுக்குப் போதும். ரொம்பப் பெரிசா இருந்தா நிரப்பியே ஓய்ஞ்சுடும்.

#7 · கீச்கீச்

அந்த முட்டையை என்ன செய்ய அக்கா?

#8 · நார்க்குவியல்

பெட்டியில கொஞ்சம் நார் வச்சு, குழி பண்ணி, ஸ்பூனால எடுத்து அதுல வைங்க. ஏத்துக்கிட்டா அதிர்ஷ்டம். இல்லைன்னாலும் கவலைப்படாதீங்க, ஜீப்ரா நாளைக்கு ஒண்ணா 4 முதல் 6 முட்டை வரைக்கும் வைக்கும், மூணு நாலு சேர்ந்த பிறகுதான் ஒழுங்கா அடை உட்காரும்.

#9 · இரவாடி

இந்த உரையாடலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கலை. ஜீப்ரா பின்ச் கூடு கட்டுறதைப் பத்தி நல்ல ஆராய்ச்சிகள் இருக்கு, ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துல செஞ்சது. ஒண்ணுல கூண்டுச் சுவர்ல கலர் காகிதம் ஒட்டி, ஆணுக்கு ரெண்டு கலர்ல காகிதக் கீற்று கொடுத்தாங்க. பெரும்பாலான ஆண்கள் சுவரோட கலருக்குப் பொருந்துற கீற்றையே அதிகமா எடுத்துச்சு. கூடு கண்ணுல படாம மறையணும்னு பார்க்குதுங்க. இன்னொண்ணுல வளையுற நூல், விறைப்பான நூல் ரெண்டும் கொடுத்தாங்க. கட்டிப் பழகின பறவைங்க விறைப்பானதையே தேர்ந்தெடுத்துச்சு, ஏன்னா கம்மியான நூல்ல கூடு முடிஞ்சுடுது. மூணாவது இன்னும் சுவாரசியம். பிடிக்காத கலர்ல கூடு கட்டி அதுல குஞ்சு நல்லா வளர்ந்துட்டா, அடுத்த தடவை ஆண் தன் ரசனையையே மாத்திக்குது.

அதனால "பிடிவாதம்"னு நாம சொல்றது பாதி அனுபவம்தான். முதல் கூட்டுல என்ன நடந்துச்சோ அதை ஞாபகம் வச்சிருக்கும்.

ஆஸ்திரேலியாவோட வறண்ட நிலத்துல இதுங்க முள் புதர்ல உருண்டையாக் கூடு கட்டி, பக்கவாட்டுல குழாய் மாதிரி வாசல் வைக்கும். முட்டைக்கு ஒரு கூடு, தூங்க வேற கூடுன்னு தனித்தனியாவும் கட்டும். மண்பானையைத் திரும்பிக்கூடப் பார்க்காததுல எனக்கு ஆச்சரியமே இல்லை, வழவழன்னு இருக்கிற விளிம்புல நகம் பிடிக்காது.

#10 · பழைய கூண்டு

நான் பல வருடம் மண்பானையில் குஞ்சு எடுத்திருக்கிறேன் இரவாடி. விளிம்பில் சணல் சுற்றிக் கட்டினால்... இல்லை, நானே நூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் ஏறும். வெப்பத்தைச் சீராக வைப்பதில் பானைக்கு நிகர் கிடையாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், முதல் தடவை முட்டை வைக்கும் ஜோடிக்குப் பானை சரிவராது.

#11 · கோல்டியன் கிறுக்கன்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். கோல்டியன் பின்ச் வச்சிருக்கிறவங்க மேல சொன்ன பாதி திறந்த பெட்டியை அப்படியே வாங்கிடாதீங்க. கோல்டியன் காட்டுல மரப்பொந்துல முட்டை வைக்கிற ஜாதி. அதுக்கு மூடின பெட்டி, 5 செ.மீ. துளை, உள்ள நல்ல இருட்டு வேணும். வாசலுக்கும் முட்டை இருக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருந்தா இன்னும் நல்லது. புல்லெல்லாம் பெரிசாக் கொண்டு போகாது, நீங்களே முக்கால்வாசி நிரப்பிக் கொடுக்கணும்.

ஏன் அவ்ளோ இருட்டுன்னா, குஞ்சோட வாய் ஓரத்துல நீல முத்து மாதிரி புடைப்பு இருக்கும், கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே பளபளக்கும். பொந்துக்குள்ள அப்பா அம்மா அதைப் பார்த்துத்தான் வாயில ஊட்டும். முதல் தடவை டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ பூச்சி கண்ணோன்னு பயந்துட்டேன். அதோட நிறுத்திக்கணும், அடிக்கடி எட்டிப் பார்த்தா கோல்டியன் கூட்டையே விட்டுட்டுப் போய்டும். ஜீப்ரா அந்த விஷயத்துல தங்கமான பிள்ளைங்க.

#12 · புதுச்சிறகு

என் கேள்வி கொஞ்சம் வேற. எங்கிட்ட நாலு பெங்காலீஸ் இருக்கு. எனக்குக் குஞ்சு வேண்டாம், தூங்க மட்டும் ஒரு கூடு கொடுக்கலாமா? குச்சியில வரிசையா நெருக்கியடிச்சு உட்கார்றதைப் பார்த்தாப் பாவமா இருக்கு.

#13 · நார்க்குவியல்

கொடுங்க. பெங்காலீஸ் மாதிரி கூடித் தூங்குற பின்ச் வேற இல்லை. வெண்முதுகுச் சில்லையில இருந்து மனுஷன் பழக்கி எடுத்த ஜாதி அது, காட்டுலயே கிடையாது. நாலும் ஒரே கூட்டுல ஒண்ணு மேல ஒண்ணு படுத்து, ஒரு வால் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். 15 செ.மீ. சதுரத்துல பாதி திறந்த பெட்டி, நாலு இருக்குன்னா இன்னும் கொஞ்சம் பெரிசு.

ஆனா நாலுல ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தாப் போதும், தூங்குற கூடு பிரசவ அறை ஆகிடும். முட்டையை எடுத்து எடுத்துப் போட்டா மறுபடி மறுபடி வச்சுக்கிட்டே இருக்கும், பெண்ணோட உடம்புல இருக்கிற கால்சியம் கரைஞ்சு, முட்டை வெளிய வராம சிக்கிக்கும். அது உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக் முட்டை மாத்தி வச்சு, அதுங்களா சலிச்சுப்போய் எழுந்திரிக்கிற வரைக்கும் விட்டுடுங்க. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு எப்பவும் கூண்டுல தொங்கணும். அப்படியும் விடாம வச்சுக்கிட்டே இருந்தா கூட்டை எடுத்துட்டு, தூங்க ஒரு திறந்த தட்டு மாதிரி மேடை கொடுங்க.

ஜீப்ராவுக்குத் தூங்குற கூடு கொடுக்கவே வேண்டாம், அது கூட்டைப் பார்த்தாலே முட்டை நினைப்புதான்.

#14 · கீச்கீச்

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். கிண்ணத்தைக் கீழ இறக்கி, பெட்டியை மூலைக்கு மாத்தி, ஊஞ்சலை எடுத்துட்டேன். முட்டையையும் ஸ்பூனால மாத்தி வச்சேன். ஆண் அன்னைக்கே உள்ள போய்க் கூப்பிட ஆரம்பிச்சுட்டான். பெண் ரெண்டு தடவை உள்ள போய் உட்கார்ந்து பார்த்தா. ஆனா ராத்திரி மட்டும் உள்ள தங்க மாட்டேங்குறா. அடுத்த முட்டையைக் கூண்டுத் தரையில போட்டா, உடைஞ்சுடுச்சு. அதோட நிறுத்திட்டா.

ஒண்ணு கவனிச்சேன். ராத்திரி விளக்கை அணைச்ச பிறகு ரெண்டும் குச்சியில நிக்க முடியாம காலை மாத்தி மாத்தித் தூக்குது, கழுத்தைச் சொறியுது. பகல்ல நல்லாத்தான் இருக்கு.

#15 · பழைய கூண்டு

ராத்திரி மட்டும் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்றிரவு கூண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். விடியுமுன், வெளிச்சம் வருவதற்கு முன்னால் எடுத்துத் துணியின் மடிப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டின் ஓரம், குச்சி செருகியிருக்கும் முனை ஆகியவற்றையும் பாருங்கள்.

#16 · கீச்கீச்

ஐயா. துணி மடிப்புல மிளகாய்த் தூள் சிந்தின மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. ஒண்ணைக் காகிதத்துல வச்சு நசுக்கினேன், ரத்தக்கோடு. குச்சியோட முனையைப் பிடுங்கிப் பார்த்தா கொத்துக் கொத்தா இருக்கு. உடம்பெல்லாம் அரிக்குது எனக்கே.

#17 · பழைய கூண்டு

சிவப்பு மைட். கோழி வளர்ப்பவர்கள் செல்லுப்பூச்சி என்பார்கள். பகலில் இடுக்கில் ஒளிந்திருக்கும், இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் பறவையின் மேல் தேடினால் ஒன்றும் அகப்படாது. ரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தூசி தட்டி மாட்டிய அந்தப் பழைய பிரம்புக் கூட்டில்தான் வந்திருக்க வேண்டும். பிரம்புப் பின்னலில் ஆயிரம் இடுக்கு.

அந்தக் கூட்டை எரித்துவிடுங்கள். பறவைகளை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, பெரிய கூண்டைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள், குச்சிகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாக வையுங்கள். மரப்பெட்டியின் மூட்டுகளிலும் கொதிநீர். நல்ல வெக்கையில் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும் என்பதால் ஒரு தடவையோடு விடாமல் வாரம் ஒரு முறை என்று நான்கைந்து வாரம் செய்ய வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் கூண்டுப் பக்கம் கொண்டு போகாதீர்கள். பறவைக்கு மருந்து வேண்டுமென்றால் பறவை பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். 12 கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு சொட்டு கூடினாலும் தாங்காது.

#18 · பிரம்புப் பிரியன்

எதுக்கெடுத்தாலும் பிரம்புக் கூட்டைத் திட்டுறதே வேலையாப் போச்சு. நான் எப்பவும் பிரம்புதான், ஒரு பூச்சி வந்ததில்லை. பறவைக்குப் பிடிமானம், காத்தோட்டம், காட்டுக் கூடு மாதிரி உருண்டை, வேற எதுல இதெல்லாம் கிடைக்கும்? ஒவ்வொரு குஞ்சுக் கூட்டமும் பறந்ததும் கூட்டைத் தூக்கிப் போட்டுடணும், அவ்ளோதான். பழசை எடுத்து மாட்டினது இவர் தப்பு, பிரம்பு என்ன பண்ணும்?

#19 · நார்க்குவியல்

நீங்க சொல்றது நியாயம்தான். ஒரு கூட்டத்துக்கு ஒரு கூடுன்னா பிரம்பு நல்லதுதான். பின்னல் பிரிஞ்சு நீட்டிக்கிட்டிருக்கிற முனைல விரல் மாட்டும், அதை மட்டும் வெட்டிவிட்டுட்டு மாட்டணும்.

#20 · இரவாடி

அப்போ பெண் முதல் நாளே தலையை விட்டுப் பார்த்துட்டுப் பறந்தது இடத்துக்காகவா, பூச்சிக்காகவா?

#21 · நார்க்குவியல்

ரெண்டும் இருக்கலாம். மரப்பெட்டியை நாலாம் நாள் விட்டதுக்குப் பூச்சியைத்தான் சந்தேகப்படுறேன், அதுக்குள்ள கூண்டு பூரா பரவியிருக்கும். ஆனா கிண்ணம் இருந்த மூலையும் அதே கூண்டுதானே, அங்க முட்டை வச்சாளே! அடிச்சுச் சொல்ல முடியலை.

#22 · கீச்கீச்

அஞ்சு வாரம் ஆச்சு, கதை மாறிடுச்சு.

மருத்துவர்கிட்டப் போய் மருந்து போட்டுட்டு வந்தேன். பெரிய கூண்டைக் கழுவுற அன்னைக்கு ரெண்டையும் ஒரு சின்னக் கூண்டுல விட்டேன். ஒளிஞ்சுக்க ஏதாவது வேணுமேன்னு காலி டிஷ்யூ பெட்டியை மேல் மூலையில கம்பியால கட்டி வச்சேன். ஒரு பக்கம் கிழிஞ்சது, அதுல ஒரு ஓட்டை. அரை மணி நேரம்கூட ஆகலை, மகாராணி உள்ள போய்ச் சுத்தி உட்கார்ந்து, நெஞ்சால தேய்ச்சுக் குழி பண்ணிக்கிட்டிருக்கா. அன்னைக்கு ராத்திரி ரெண்டும் அதுக்குள்ளதான் தூங்குச்சு.

பெரிய கூண்டுக்கு மாத்தும்போது புத்தம்புது மரப்பெட்டியும் வச்சேன், அந்த அட்டைப் பெட்டியையும் வச்சேன். மரப்பெட்டி மேல ஏறி நின்னு எச்சம் போடுது. அட்டைப் பெட்டிக்குத்தான் நார் போகுது. என்ன ஜென்மமோ!

#23 · கோல்டியன் கிறுக்கன்

😂😂 எங்க வீட்லயும் இதே கதைதான், நாள் பூரா உட்கார்ந்து அறுத்து ஒட்டின பெட்டியை விட்டுட்டு விளக்கு மேல போய் உட்காரும்.

#24 · பழைய கூண்டு

இனி மாற்றாதீர்கள். ஆனால் அட்டை எச்சத்தில் ஊறிக் குஞ்சுகளின் எடை தாங்காமல் அடி கழன்றுவிடும். கீழே ஒரு கம்பிவலைத் தட்டு முட்டுக் கொடுத்து, பெட்டியின் மேல்பக்கத்தையும் கம்பியில் கட்டிவிடுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் கொத்தித் தின்னும், உரித்துவிடுங்கள்.

#25 · கீச்கீச்

தட்டு வச்சாச்சு. இப்போ அஞ்சு முட்டை இருக்கு! ரெண்டும் மாத்தி மாத்தி அடை உட்காருது. வெக்கை அதிகமான நேரத்துல பெண் உள்ள உட்கார்ந்து மெல்லிசா, மூச்சு வாங்குற மாதிரி ஒரு சத்தம் போடுது. ஏதாவது கோளாறா? இன்னொரு பிரச்சினை, ஆண் நிறுத்தவே மாட்டேங்குறான். நாரைக் கொண்டு வந்து முட்டை மேலயே போடுறான். நேத்து அஞ்சு இருந்துச்சு, இன்னைக்கு எண்ணினா மூணுதான் தெரியுது.

#26 · இரவாடி

சத்தத்துக்கு மட்டும் நான் சொல்றேன். கோளாறே இல்லை. வெக்கை 26 டிகிரியைத் தாண்டும்போது, பொரியப்போற கடைசி நாட்கள்ல ஜீப்ரா பின்ச் தன் முட்டைகிட்ட அப்படிக் கூப்பிடும்னு 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பொரிஞ்ச குஞ்சுங்க வெக்கையில சின்ன உடம்பா வளர்ந்துச்சாம், சூட்டைச் சமாளிக்க. முட்டைக்குள்ள இருக்கும்போதே வானிலை அறிக்கை 🙂

#27 · நார்க்குவியல்

கீச்கீச், உடனே எழுந்திரிங்க. மிச்ச ரெண்டும் நாருக்கு அடியில இருக்கு. ஜீப்ரா ஆணுக்குக் கண்ணுல நார் பட்டா கட்டிக்கிட்டே இருக்கும், பழைய முட்டையைப் புதைச்சுட்டு மேல புதுத் தளம் போட்டு அதுல மறுபடி முட்டை வைக்க வச்சிடும். முதல் முட்டை விழுந்த உடனே கூண்டுல இருக்கிற புல்லு, நாரு எல்லாத்தையும் எடுத்துடணும், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். ரெண்டும் தீனி தின்ன வெளிய வர்ற நேரத்துல விரலால மெதுவா மேல் நாரை விலக்கி, அடியில இருக்கிறதை மேல கொண்டு வாங்க. டார்ச் வெளிச்சத்துல முட்டையில சிவப்பு நரம்பு தெரிஞ்சா உயிர் இருக்கு. சரியா அடை உட்கார ஆரம்பிச்ச நாள்ல இருந்து 12 முதல் 14 நாள்ல பொரியும், அப்புறம் மூணு வாரத்துக்குள்ள கூட்டைவிட்டு வெளிய வந்துடும்.

#28 · கீச்கீச்

எடுத்துட்டேன் அக்கா. அஞ்சும் இருக்கு. நாலுல நரம்பு தெரியுது, ஒண்ணு வெறும் மஞ்சளா இருக்கு. கூண்டுல ஒரு நார் இல்லை. அவன் இப்போ தரையில விரிச்ச காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக் கிழிச்சுக்கிட்டிருக்கான்.

#29 · நார்க்குவியல்

காகிதத்தையும் எடுங்க. குஞ்சு பொரியுற வரைக்கும் வெறும் தட்டு.

#30 · கீச்கீச்

எடுத்தாச்சு. தண்ணிப் பாத்திரத்துல மிதந்த ஒத்தை இறகைத் தூக்கிட்டு உள்ள போறான். அதையும் பிடுங்கவா?

#31 · பழைய கூண்டு

அதை விட்டுவிடுங்கள் தம்பி.